பாதி நிறைந்த வண்டி: வணிகப் பொருள் விநியோகமும் பருவநிலையும்

சிங்கப்பூரில் நாம் உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது வெளிநாடுகளிலிருந்து வருகிறது. உடுக்கும் துணியும், வீடு கட்டும் மணலும், மின்சாரம் தரும் எரிவாயுவும் அவ்வாறே வருகின்றன. எனவே இந்நாட்டில் விற்கப்படும் ஏறத்தாழ எல்லாப் பொருளின் விலையிலும் அதைச் சுமந்து வந்த கூலி அடங்கியிருக்கிறது. அந்தக் கூலியில் சேராத செலவு ஒன்றும் உண்டு. சுமந்து வந்த கப்பலும் விமானமும் லாரியும் காற்றில் கலந்துவிட்டுச் சென்ற கரியமில வாயுவே அது. அதை எவரும் விலைச்சீட்டில் எழுதுவதில்லை.

பொருள்களைச் சேமித்து, பிரித்து, ஏற்றி, இறக்கி, உரியவரிடம் ஒப்படைக்கும் பணிகள் அனைத்தையும் இன்று நம் செய்தித்தாள்கள் ‘தளவாடத் துறை’ என்னும் பெயரால் குறிக்கின்றன. முன்னாளில் கருவிகளையும் படைப்பொருள்களையும் குறித்த ‘தளவாடம்’ என்னும் சொல் இன்று ஒரு தொழில்துறைக்கே பெயராகிவிட்டது. இத்துறையின் பருவநிலைச் சுமையைக் குறைப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வினாவுக்குப் பலரும் உடனே தரும் விடை, ‘மின்வண்டி வாங்க வேண்டும்’ என்பதாகும். அவ்விடை தவறன்று, ஆனால் அது முதல் விடையன்று. வண்டியை மாற்றுவதற்கு முன்னர் வண்டியை நிரப்ப வேண்டும். வண்டியை நிரப்ப வேண்டுமாயின், வாடிக்கையாளருக்கு நாம் தரும் வாக்கை மாற்ற வேண்டும். இக்கருத்தை எண்களின் துணையோடு நிறுவ முயல்வோம்.

புகையின் எடை

ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 0.84 கிலோ. அது முழுமையாக எரியும்போது வெளிப்படும் கரியமில வாயுவின் எடையோ ஏறத்தாழ 2.7 கிலோ. எரித்த பொருளைவிட எழுந்த புகை மும்மடங்கு எடையுள்ளதாக இருப்பது எப்படி? டீசலின் பெரும்பகுதி கரிமம். எரியும்போது ஒவ்வொரு கரிம அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. 12 பங்கு எடையுள்ள கரிமம் 44 பங்கு எடையுள்ள கரியமில வாயுவாக மாறுகிறது. கூடுதல் எடை காற்று தந்தது.

இந்த 2.7 என்னும் எண்ணை ஒவ்வொரு வணிகரும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். எரிபொருள் நிலையத்து ரசீதில் உள்ள லிட்டர் அளவை இவ்வெண்ணால் பெருக்கினால் புகையின் எடை கிடைத்துவிடும். அதற்குக் கணக்காய்வாளர் எவரும் தேவையில்லை.

சரக்கை அனுப்பும் வழிகளை ஒப்பிடுவதற்கு ‘டன்–கிலோமீட்டர்’ என்னும் அளவு பயன்படுகிறது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் தொலைவு கொண்டுசெல்வதே ஒரு டன்–கிலோமீட்டர். பெரிய கொள்கலன் கப்பல் இதற்கு ஏறத்தாழ 10 முதல் 20 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது. நிறைவாக ஏற்றப்பட்ட கனரக லாரி 60 முதல் 100 கிராம் வரை வெளியிடுகிறது. விமானமோ 500 முதல் 1,000 கிராம் வரை வெளியிடுகிறது. கப்பலின் வயது, விமானத்தின் வகை, சுமையின் அளவு ஆகியவற்றுக்கேற்ப இவ்வெண்கள் மாறும். ஆயினும் இவற்றின் வரிசை மாறுவதில்லை.

சிராங்கூன் சாலையில் அடுத்தடுத்து நிற்கும் இரு கடைகளை எண்ணிப் பார்ப்போம். பூக்கடையின் மல்லிகை தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வந்தது. மளிகைக் கடையின் அரிசி கப்பலில் வந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். மேற்கண்ட அளவுகளின்படி, ஒரு கிலோ மல்லிகை இங்கு வந்துசேர ஒன்றரை முதல் மூன்று கிலோ வரையிலான கரியமில வாயு வெளியாகிறது. ஒரு கிலோ அரிசிக்கோ ஏறத்தாழ 30 முதல் 60 கிராம்தான். மல்லிகை ஒரு நாளில் வாடிவிடும். அது கடல்வழி வர இயலாது. ஆகவே பூவைக் குறைகூறுவதில் பொருளில்லை. ஆனால் தீபாவளிக்கு வேண்டிய துணிமணிகளை உரிய காலத்தில் கேட்டுப் பெறாமல், இறுதி வாரத்தில் விமானத்தில் தருவிக்கும்போது, கப்பலில் வந்திருக்கக்கூடிய பொருளுக்குப் பூவின் புகையைச் சுமத்துகிறோம். மல்லிகையின் அவசரம் இயற்கை தந்தது. துணியின் அவசரம் நாம் உண்டாக்கியது.

யாருடைய கணக்கு

வணிக நிறுவனங்களின் கரிமக் கணக்கு, உலக வழக்கில், மூன்று வட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. நிறுவனம் தன் சொந்த வண்டியிலும் கொதிகலனிலும் நேரடியாக எரிக்கும் எரிபொருளின் புகை முதல் வட்டத்தில் அடங்கும். அது விலைக்கு வாங்கும் மின்சாரத்தை உண்டாக்க எழுந்த புகை இரண்டாம் வட்டத்தில் அடங்கும். மூன்றாம் வட்டமே மிக விரிந்தது. மூலப்பொருள் தருவோர், சரக்கை ஏற்றி வருவோர், வாடகை லாரிக்காரர், பொட்டலத்தை வீடு சேர்ப்போர் ஆகிய பிறருடைய புகை யாவும் அதில் அடங்கும்.

இப்பகுப்பிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. பெரிய நிறுவனத்தின் மூன்றாம் வட்டமாக இருப்பது, அதற்குச் சரக்கு ஏற்றித் தரும் சிறிய நிறுவனத்தின் முதல் வட்டமாகும். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2025 ஆம் நிதியாண்டு முதல் தம் முதலிரு வட்டங்களின் வெளியேற்றத்தை வெளியிடக் கடமைப்பட்டுள்ளன. மூன்றாம் வட்டத்துக்கான கடமையும் படிப்படியாக வரவிருக்கிறது. அப்போது அந்நிறுவனங்கள் தம் விநியோகத்தாரிடம், ‘எங்கள் சரக்குக்காக உங்கள் வண்டி எவ்வளவு புகை வெளியிட்டது?’ என்று கேட்கும். விடை சொல்ல இயலாதவர் ஒப்பந்தத்தை இழக்க நேரிடலாம். உணவு வழங்குவோர், மளிகை மொத்த வணிகர், ஓரிரு லாரிகளை வைத்துத் தொழில் நடத்துவோர் எனச் சிறுதொழில் புரியும் நம்மவர் பலருக்கும் இது நாளைய பிழைப்பைத் தொடும் செய்தி.

விடை சொல்லும் முறைக்கு ஒரு பொதுத்தரமும் வந்துவிட்டது. போக்குவரத்துச் சங்கிலியின் வெளியேற்றத்தைக் கணக்கிட, ‘ஐஎஸ்ஓ 14083’ என்னும் அனைத்துலகத் தரம் 2023 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. எனினும் தொடங்குவதற்குத் தேவையானவை எளியவையே: வாங்கிய எரிபொருள், ஓடிய தொலைவு, ஏற்றிய எடை, ஒப்படைத்த பொட்டலங்கள். இந்நான்கையும் நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் போதும்.

ஒரு வேனின் ஓராண்டு

எடுத்துக்காட்டாக ஒரு மளிகைக் கடையை எண்ணிக்கொள்வோம். அதன் டீசல் வேன் நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடி 30 வீடுகளுக்குப் பொருள் கொண்டுசெல்கிறது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் எனக் கொண்டால் ஒரு நாள் செலவு 6 லிட்டர், புகை 16.2 கிலோ. ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் ஏறத்தாழ 4.9 டன். ஒரு வீட்டுக்கு 0.54 கிலோ.

இப்போது அந்தக் கடை ஒரு வீட்டில் ஒப்படைக்கும் 5 கிலோ அரிசி மூட்டையைப் பார்ப்போம். அது 2,900 கிலோமீட்டர் கடலைக் கடந்துவர வெளியானது ஏறத்தாழ 150 முதல் 300 கிராம். துறைமுகத்திலிருந்து கடைக்கு வந்த லாரியின் பங்கு இதில் சிறிதே. ஆனால் கடையிலிருந்து வீட்டுக்குச் சென்ற கடைசிச் சில கிலோமீட்டருக்கு வெளியானதோ 540 கிராம். கடல் முழுவதையும் கடந்த பயணத்தைவிடத் தெரு கடந்த பயணம் கூடுதலாகப் புகைத்திருக்கிறது. கப்பலில் அந்த மூட்டை பல்லாயிரம் டன் சரக்கோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டது; வேனிலோ அதற்குத் துணை குறைவு. பருவநிலைச் சுமையை முடிவுசெய்வதில் தொலைவைப் போலவே துணையும் முதன்மையானது.

மேலும் அந்த 30 வீடுகளில் மூன்றில் ஆளில்லை என வைத்துக்கொள்வோம். ஓடிய தொலைவு குறையவில்லை. ஒப்படைத்த வீடுகளோ 27 தான். வீட்டுக்கு 0.6 கிலோவாக அளவு உயர்கிறது. அம்மூன்று வீடுகளுக்கும் மறுநாள் மீண்டும் செல்ல வேண்டும்.

வெற்றிடத்தைச் சுமத்தல்

பாதி நிறைந்த லாரி, முழுதும் நிறைந்த லாரியின் எரிபொருளில் பாதியை மட்டும் எரிப்பதில்லை. லாரிக்குத் தன் எடை உண்டு. காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் உண்டு. சுமை பாதியாகக் குறைந்தாலும் எரிபொருள் சிறிதளவே குறைகிறது. ஆகவே ஒரு மூட்டைக்கான புகை ஏறத்தாழ இருமடங்காகிறது. திரும்பும் வழியில் வண்டி வெறுமையாக வருமானால், அந்தப் பயணத்தின் புகையும் சென்ற மூட்டையின் தலையிலேயே ஏறும். நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தையான ஐரோப்பிய ஒன்றியத்திலேயே சரக்கு வண்டிகள் ஓடும் தொலைவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெற்று ஓட்டமாக இருக்கிறது.

இதைக் குறைக்கும் வழிகள் பழையவை, எளியவை. முதலாவது, ஒரே வட்டாரத்துக்குரிய பொருள்களை ஒரே நாளில் கொண்டுசெல்வது. ஈசூனுக்கும் உட்லண்ட்ஸுக்கும் செவ்வாய், ஜூரோங்குக்குப் புதன் என நாள் வகுத்துக்கொண்டால் வேன் தீவை நாள்தோறும் சுற்றி வர வேண்டியதில்லை.

இரண்டாவது, பகிர்ந்துகொள்வது. திருமண வீட்டுக்கு உறவினர் நாற்பது பேர் தனித்தனி டாக்சியில் செல்வதில்லை. ஒரு பேருந்தை அமர்த்துகிறோம். ஒரே தெருவிலுள்ள நான்கு கடைகள் ஒரே வட்டாரத்துக்கு நான்கு பாதி நிறைந்த வேன்களை அனுப்புவதற்கு மாறாக, இரண்டு நிறைந்த வேன்களை அனுப்பலாம். போட்டியாளர் எப்படிப் பகிர்வது என்னும் தயக்கம் எழலாம். போட்டி விலையிலும் தரத்திலும் இருக்கட்டும்; வண்டியின் வெற்றிடத்தில் போட்டியிட்டு எவரும் வென்றதில்லை. தெம்பனிஸ் மால், பிடோக் மால் ஆகிய கடைத்தொகுதிகளில் இம்முறையின் ஒரு வடிவம் முன்னரே மேற்கொள்ளப்பட்டது. பல கடைகளுக்கு வரும் சரக்கை இறக்குமிடத்தில் ஒரே குழு பெற்று, உள்ளே பிரித்துக் கொடுத்தது. லாரிகள் வரிசையில் காத்துநிற்கும் நேரம் அதனால் குறைந்தது.

மூன்றாவது, பெட்டியின் அளவு. சிறு குப்பி ஒன்றைப் பெரிய அட்டைப்பெட்டியில் இட்டு, எஞ்சிய இடத்தைக் காற்றுப் பைகளால் நிரப்பி அனுப்பும்போது நாம் காற்றுக்குக் கூலி கொடுக்கிறோம். வேன் எடையால் நிறைவதற்கு முன் இடத்தால் நிறைந்துவிடுகிறது.

வழியும் காத்திருப்பும்

பத்து இடங்களுக்குச் செல்ல வேண்டிய ஓட்டுநர் எந்த வரிசையில் செல்லலாம்? வரிசைகளின் எண்ணிக்கை 36,28,800. இடங்கள் இருபதானால் அவ்வெண் பத்தொன்பது இலக்கங்களுக்குப் பெருகுகிறது. அனுபவமிக்க ஓட்டுநரின் மனக்கணக்கு வியத்தகு திறன் உடையதே. எனினும் கணினியின் துணை அதற்கு வலுச்சேர்க்கும். அமெரிக்காவின் யூபிஎஸ் நிறுவனம் ‘ஓரியன்’ என்னும் வழித்திட்ட மென்பொருளைத் தன் வண்டிகளில் படிப்படியாகப் பொருத்தியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி மைல் ஓட்டம் அதனால் குறைந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. எதிர்வரும் வண்டிகளுக்காகக் காத்து நிற்க நேரிடும் திருப்பங்களைத் தவிர்ப்பதும் அதன் நெடுநாள் வழக்கம். அங்கு அவை இடப்புறத் திருப்பங்கள். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நமக்கு அவை வலப்புறத் திருப்பங்கள்.

காத்திருப்பும் புகையே. குளிர்சாதனம் இயங்க, இயந்திரத்தை நிறுத்தாமல் நிற்கும் டீசல் வேன் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரை எரிக்கும். நாளுக்கு ஒரு மணி நேரம் இவ்வாறு நின்றால் ஆண்டுக்கு 300 லிட்டர். அதன் புகை 0.8 டன். நிற்கும் வண்டியின் இயந்திரத்தை ஓடவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றமும் ஆகும். ஆனால் ஓட்டுநரை மட்டும் கண்டிப்பது முறையன்று. சரக்கு இறக்குமிடத்தில் அவரை ஒரு மணி நேரம் காக்க வைப்பது கிடங்கின் திட்டமின்மை. வெயிலில் நிற்கும் வண்டியில் அவர் இளைப்பாற நிழலிடம் தராததும் நம் குறையே. இறக்கும் நேரத்தை முன்பதிவு செய்யும் முறை ஓட்டுநரின் நேரத்தையும் எரிபொருளையும் ஒருங்கே காக்கும்.

குளிர்பதன வண்டி வைத்திருப்போர் கருத வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ‘ஆர்–404ஏ’ என்னும் குளிர்பதன வாயு, ஒரு கிலோவுக்கு, கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 3,900 மடங்கு புவியை வெப்பமாக்கவல்லது. அதில் ஒரு கிலோ கசிந்தால், நாம் மேலே கண்ட வேனின் ஓராண்டு டீசல் புகையில் ஐந்தில் நான்கு பங்குக்கு அது ஈடாகும். குழாய் இணைப்புகளைப் பழுதுபார்க்கும் சிறு பணி இத்துணைப் பெரும்பயன் தரும்.

மின்வண்டி தருவதும் தராததும்

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து பெறப்படுகிறது. ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மின்வேன் ஒன்று கிலோமீட்டருக்கு 0.25 கிலோவாட் மணியைச் செலவிடுவதாகக் கொண்டால், புகை 100 கிராம். நம் டீசல் வேனுக்கு அது 270 கிராம். எனவே மின்வேன் புகையை ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கிறது. ஆனால் இல்லாமல் ஆக்குவதில்லை. புகை குழாயிலிருந்து மின்நிலையத்துக்கு இடம்பெயர்ந்து, அளவில் சுருங்குகிறது. மின்கலம் செய்யும்போது எழும் புகை இக்கணக்கில் சேரவில்லை. சூரிய ஒளியாலும் இறக்குமதியாலும் நம் மின்சாரம் தூய்மையாகும்போது, அதே வேனின் புகையும் ஆண்டுதோறும் குறையும். டீசல் வேனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அரசாங்கத்தின் திசையும் தெளிவானது. 2040 ஆம் ஆண்டுக்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்பதும், 2030 ஆம் ஆண்டுக்குள் 60,000 மின்னேற்ற முனைகளை அமைப்பதும் இலக்குகள். தூய இலகுரகச் சரக்கு வண்டிகளுக்கு 2021 ஏப்ரல் முதல் ஊக்கத்தொகைத் திட்டமும் நடப்பில் உள்ளது. நிலப் போக்குவரத்தின் வெளியேற்றம் 2016 ஆம் ஆண்டு 77 லட்சம் டன்னாக உச்சத்தை எட்டியது. இந்நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி அதை 80 விழுக்காடு குறைப்பதே நோக்கம்.

இப்போது நம் மளிகைக் கடைக்குத் திரும்புவோம். வேறெதையும் மாற்றாமல் மின்வேன் மட்டும் வாங்கினால், 60 கிலோமீட்டருக்கு 6 கிலோ. ஒப்படைத்த 27 வீடுகளில் வீட்டுக்கு 0.22 கிலோ. வேனை மாற்றாமல் நாள் வகுத்து, ஆளில்லா வீடுகளைத் தவிர்த்து, ஓட்டத்தை 40 கிலோமீட்டராகக் குறைத்தால் வீட்டுக்கு 0.36 கிலோ. இரண்டையும் செய்தால் 0.13 கிலோ, தொடக்கத்தில் இருந்த 0.6 கிலோவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மின்வேனுக்குப் பெரும்பணம் வேண்டும். நாள் வகுப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. எரிபொருள் செலவும் உடனே குறையும். அன்றியும் 60 கிலோமீட்டருக்கு மாறாக 40 கிலோமீட்டரே ஓட வேண்டியிருந்தால், பின்னர் வாங்கும் மின்வேனுக்குச் சிறிய மின்கலமே போதும். இதனால்தான் நிரப்புவது முதலில், மாற்றுவது அடுத்து என்றோம்.

கடலில் நிதானம்

தெருவிலிருந்து துறைமுகத்துக்குச் சென்றாலும் இதே நெறியே பொருந்துகிறது. அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் ஆய்வின்படி, 2018 ஆம் ஆண்டு உலகின் பசுங்கூட வாயு வெளியேற்றத்தில் கப்பல் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 2.9 விழுக்காடு. 2050 ஆம் ஆண்டையொட்டி அதை நிகரச் சுழியமாக்க அவ்வமைப்பு 2023 இல் இலக்கு வகுத்தது.

கப்பலுக்குத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடியை ஒட்டி உயர்கிறது. ஆகவே வேகத்தை 10 விழுக்காடு குறைத்தால் அதே தொலைவுக்கான எரிபொருள் ஏறத்தாழ 19 விழுக்காடு குறையும். பத்து நாள் பயணம் பதினோரு நாளாகும், அவ்வளவே. புதிய இயந்திரமோ புதிய எரிபொருளோ இல்லாமல், ஒரு நாள் பொறுமையால் மட்டும் கிட்டும் சேமிப்பு இது.

2024 ஆம் ஆண்டு 4 கோடிக்கும் மேற்பட்ட கொள்கலன்களைக் கையாண்ட நம் துறைமுகமும் மாறி வருகிறது. 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநரில்லா மின்வாகனங்கள் கொள்கலன்களை நகர்த்துகின்றன. தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்களும், பின்னர் பாசிர் பாஞ்சாங் முனையமும் துவாஸில் ஒன்றுசேரும். அப்போது ஒரு முனையத்தில் இறங்கிய கொள்கலனை மற்றொரு முனையத்தின் கப்பலுக்குச் சாலைவழி இழுத்துச்செல்லும் லாரி ஓட்டம் தேவையற்றதாகும். நான்கு கடைகள் ஒரு வேனைப் பகிர்வதற்கும், முனையங்கள் ஓரிடத்தில் சேர்வதற்கும் அடிப்படை ஒன்றே.

வாக்கை மாற்றுதல்

சிங்கப்பூரின் கரிம வரி 2019 இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கி, 2024 இல் 25 வெள்ளியாகவும் 2026 இல் 45 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. அது ஆண்டுக்கு 25,000 டன்னுக்குக் குறையாமல் வெளியிடும் பெரிய ஆலைகளுக்கே உரியது. வேன் வைத்திருப்போர் அதை நேரடியாகச் செலுத்துவதில்லை. ஆயினும் டீசலுக்கு 2019 முதல் லிட்டருக்கு 20 காசு தீர்வை உண்டு. ஒரு லிட்டருக்கு 2.7 கிலோ என்னும் கணக்கால் அதைப் பெயர்த்தால் டன்னுக்கு ஏறத்தாழ 74 வெள்ளி வருகிறது. அதாவது, ஆலை செலுத்தும் கரிம வரியைவிடக் கூடுதலான தொகையை நம் வேன்கள் முன்னரே செலுத்துகின்றன. அவ்வாறிருந்தும் அவை ஏன் பாதி வெறுமையாக ஓடுகின்றன?

எரிபொருள் விலை வண்டியின் ஓட்டத்தை முடிவுசெய்வதில்லை. வாடிக்கையாளருக்குத் தந்த வாக்கே முடிவுசெய்கிறது. ‘இன்று கேட்டால் இன்றே வரும், விநியோகம் இலவசம்’ என்று அறிவித்த பிறகு, வேன் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் கிளம்பியே ஆக வேண்டும். நிரம்பும்வரை காத்திருக்கும் உரிமையை விளம்பரப் பலகையில் கைவிட்டுவிட்டோம். ‘இலவசம்’ என்னும் சொல்லும் உண்மையன்று. அதன் செலவு பொருளின் விலையிலும், ஓட்டுநரின் ஓய்வின்மையிலும், காற்றிலும் மறைந்திருக்கிறது.

ஆகவே வாக்கைத் திருத்திச் சொல்லலாம். ‘உங்கள் வட்டாரத்துக்குச் செவ்வாய்தோறும் வருகிறோம், அன்று பெற்றால் கட்டணமில்லை. இன்றே வேண்டுமாயின் கட்டணம் உண்டு’ என்று அறிவிக்கலாம். மருந்துக்கும் கைக்குழந்தையின் பாலுக்கும் அவசரம் உண்டு; பருப்புக்கும் புடவைக்கும் பெரும்பாலும் இல்லை. எது அவசரம் என்பதை வாடிக்கையாளரே முடிவுசெய்யட்டும். அதற்குரிய செலவு மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியட்டும்.

ஆளில்லா வீடுகளுக்கும் தீர்வு அருகிலேயே உள்ளது. 2021 ஆம் ஆண்டு வீடமைப்புப் பேட்டைகளில் நிறுவப்பட்ட பொதுப் பொட்டலப் பெட்டகங்கள், எந்த நிறுவனமும் பயன்படுத்தத்தக்கவை. ஓட்டுநர் பல மாடிகள் ஏறியிறங்காமல் ஓரிடத்தில் பல பொட்டலங்களை ஒப்படைக்கலாம். நாம் பணிமுடிந்து வரும் வழியில், நடந்தே சென்று எடுத்துக்கொள்ளலாம். அதை எடுக்கக் காரில் சென்றால் சேமித்த புகையெல்லாம் வீணாகிவிடும் என்பதையும் மறவாதிருப்போம்.

கிடங்குவரை செல்ல வேண்டிய சொற்கள்

இச்செய்திகள் பெரும்பாலும் ஆங்கில அறிக்கைகளிலும் கருத்தரங்குகளிலும் பேசப்படுகின்றன. ஆனால் மூட்டையை எப்படி அடுக்குவது, எந்த வழியில் செல்வது, இயந்திரத்தை எப்போது நிறுத்துவது என்பவற்றை நாள்தோறும் முடிவுசெய்வோர் கிடங்கிலும் வண்டியிலும் இருக்கின்றனர். அவர்களில் தமிழ் பேசுவோர் பலர். அறிக்கையின் சொல் அவர்களைச் சென்றடையாவிட்டால், அறிக்கையின் இலக்கும் சென்றடையாது. ‘கரிமத் தடம்’, ‘சுமை நிறைவு’, ‘வெற்று ஓட்டம்’, ‘கடைசிக் கிலோமீட்டர்’, ‘நிகரச் சுழியம்’ ஆகிய சொற்கள் மேடையில் மட்டும் ஒலிக்கத் தக்கவை அல்ல. ‘இன்று வெற்று ஓட்டம் எத்தனை கிலோமீட்டர்?’ என்று முதலாளி கேட்கவும், ஓட்டுநர் தயக்கமின்றி விடை கூறவும் இயலும்போதுதான் அவை வாழும் சொற்களாகும்.

உலக வெளியேற்றத்தில் சிங்கப்பூரின் பங்கு 0.1 விழுக்காடு அளவே. அதனுள் ஒரு மளிகைக் கடை வேனின் பங்கு கண்ணுக்கே தெரியாது. எனினும் உலகெங்கும் பாதி நிறைந்து ஓடும் வண்டிகள் ஒவ்வொன்றும் அத்தகைய சிறு வேன்தான். தொடங்குவதற்கு நமக்கு வேண்டியவை ஒரு குறிப்பேடும், எரிபொருள் ரசீதும், 2.7 என்னும் எண்ணும். ஒரு மாதம் எழுதிப் பார்ப்போம். எத்தனை பயணங்கள் நிறைந்து சென்றன, எத்தனை வெறுமையாய்த் திரும்பின என்பது அதிலேயே தெரிந்துவிடும். அடுத்த மாதம் எந்த வட்டாரத்துக்கு எந்த நாளில் செல்வது என்பதை அக்குறிப்பேட்டைக் கொண்டே வகுத்துக்கொள்வோம்.